பீச் ரோட்டில் பீச் எங்கே? சிங்கப்பூர் கடலைத் தூர்த்த மண்ணின் கதை

சிங்கப்பூருக்கு முதல் தடவை வந்துபோன ஒருவரின் கேள்வி இது. தெலுக் ஆயர் தெருவில் இருக்கிற நாகூர் தர்கா கடற்கரையில் கட்டப்பட்டது என்று கேள்விப்பட்டுப் போனாராம். தலையைத் தூக்கிப் பார்த்தால் நாலு பக்கமும் கண்ணாடிக் கோபுரங்கள். மறுநாள் பீச் ரோடு போயிருக்கிறார், அங்கேயும் பீச் இல்லை. கடல் எங்கே போனது, ஊர் எப்படி இப்படி மாறியது என்று கேட்கிறார்.

கடல் எங்கேயும் போகவில்லை. பாழுங்கிணற்றைத் தூர்ப்பதுபோலத் தூர்த்துவிட்டார்கள். 1960-களில் சிங்கப்பூரின் பரப்பு சுமார் 581 சதுர கிலோமீட்டர். இன்று கிட்டத்தட்ட 735. கூடிய பரப்பு 150 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2011-ல் விரிவாக்கம் செய்வதற்கு முன் சென்னை மாநகராட்சி மொத்தமே 174 சதுர கிலோமீட்டர்தான் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம். சென்னை மெரினாவிலும் கடல் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் அங்கே துறைமுகச் சுவர் எழுந்த பிறகு அலையே கொண்டுவந்து சேர்த்த மணல் அது. இங்கே ஒவ்வொரு கூடை மண்ணும் யாரோ எங்கிருந்தோ வெட்டிக் கொண்டுவந்து கொட்டியது. ஆகவே அந்த மண் எங்கிருந்து வந்தது என்று பிடித்துக்கொண்டு போனால் முழுக் கதையும் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு சின்ன நடை. ஊரிலிருந்து யாராவது வந்தால் நான் அவர்களை நாகூர் தர்கா வாசலில் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவேன். 1828-க்கும் 1830-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. நாகூர் ஆண்டவரைக் கடலோடிகள் எப்படிக் கும்பிடுவார்கள் என்று நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலிலிருந்து இறங்கிய காலோடு நன்றி சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது, அதைக் கரையிலேயே கட்டினார்கள். சில கட்டடம் தள்ளித் தியான் ஹொக் கெங் கோயில். சீன மாலுமிகளும் இதே காரணத்துக்காகக் கடல் தெய்வமான மாட்சூவுக்கு எழுப்பியது. இன்னும் சில அடி போனால் அல் அப்ரார் பள்ளிவாசல். ஓலைக் குடிசையாக 1827-ல் தொடங்கியதால் நம்மவர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள், அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. ஒரே வரிசையில் இத்தனை வழிபாட்டிடங்கள் ஏன் என்று யோசித்தால், அந்த வரிசைதான் அன்றைய கரையோரம். ‘தெலுக் ஆயர்’ என்றாலே மலாயில் நீர் விரிகுடா.

தர்காவை ஒட்டிய பூன் டாட் தெருவில் கடலை நோக்கி நடங்கள். குறுக்கே செசில் தெரு, அப்புறம் ராபின்சன் ரோடு, அதைத் தாண்டி ஷென்டன் வே, அப்புறம் மரினா பே. பத்து, பன்னிரண்டு நிமிஷம்தான். ஆனால் ஒவ்வொரு சாலையைக் கடக்கும்போதும் கடலுக்குள் இன்னும் கொஞ்சம் போகிறீர்கள். செசில் தெருவும் ராபின்சன் ரோடும் 1879-ல் தொடங்கிய தூர்ப்பில் கிடைத்த நிலம். ஷென்டன் வே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தூர்த்த இடம். மரினா பே 1970-களுக்குப் பிறகு வந்தது. சாயங்காலம் போனீர்கள் என்றால் லாவ் பா சாட் சந்தையை ஒட்டித் தெருவை அடைத்து, குச்சியில் செருகிய இறைச்சியான சாத்தே சுடுவார்கள், கண் எரியும். லாவ் பா சாட் என்றால் ஹொக்கியன் என்ற சீன வழக்கில் பழைய சந்தை. ‘பா சாட்’ நம் ‘பஜார்’ தான், சுற்றிச் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சந்தைக்கு முன்பு இருந்த சந்தை தண்ணீர் விளிம்பில் நின்றது. தூர்ப்பு வேலைக்காக அதை இடித்தார்கள். கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கொண்டுவந்து, 1894-ல், அதே தூர்த்த நிலத்தின்மேல் இப்போதுள்ள எண்கோணச் சந்தையை நிறுத்தினார்கள். நீங்கள் சாத்தே தின்கிற நாற்காலிக்குக் கீழே ஒரு காலத்தில் படகு மிதந்தது.

சரி, மண்ணுக்கு வருவோம்.

முதல் தூர்ப்பு 1822-லேயே நடந்தது, ஆங்கிலேயக் குடியேற்றத்தை இங்கே நிறுவிய ராஃபிள்ஸ் காலத்தில். ஆற்றின் தென்கரை வெறும் சேறும் சதுப்பும். அதன் பக்கத்தில் ஒரு குன்று. குன்றை உடைத்துச் சதுப்பில் போட்டார்கள். சதுப்பு போட் கீ என்ற படகுத்துறை ஆனது, குன்று இருந்த இடம் சமதளமாகி வணிகச் சதுக்கம் ஆனது. இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் ஏறி இறங்குகிற ஆயிரக்கணக்கான பேருக்கு, தாங்கள் ஒரு குன்று இருந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தமிழ் வேரும் அரபு வேரும் கலந்தவர், கூலிகள் அந்தக் குன்றை உடைத்ததைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் நம்மாட்களும் இருந்தார்கள்.

இந்த ஒரே சூத்திரம்தான் அடுத்த நூற்றைம்பது வருஷத்துக்கு ஓடியது. மேட்டை வெட்டு, பள்ளத்தில் போடு, இரண்டு பக்கமும் சமநிலம். தெலுக் ஆயரைத் தூர்த்த மண் பெரும்பாலும் வாலிச் குன்றிலிருந்து வந்தது. குன்று போய்விட்டது, வாலிச் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தெருவில்தான் 290 மீட்டர் உயரத்துக்கு குவோகோ டவர் நிற்கிறது. பக்கத்திலிருந்த பால்மர் குன்றையும் முக்கால்வாசி கரைத்துவிட்டார்கள். ஒரு துண்டு மட்டும் தப்பியது, காரணம் அதன் உச்சியில் ஹபீப் நூஹ் என்ற மகானின் அடக்கத்தலம் இருக்கிறது. படியேறிப் போய் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் இந்தக் குன்றின் அடியில் அலை மோதியது. இப்போது மேம்பாலச் சாலையில் லாரி போகிற சத்தம்தான் கேட்கிறது. பழைய சிங்கப்பூரின் நில அமைப்பு எப்படி இருந்தது என்று என்னிடம் யாராவது ஒரே இடத்தைக் காட்டச் சொன்னால், அருங்காட்சியகத்துக்கு அனுப்ப மாட்டேன், இந்தப் படிகளுக்குத்தான் அனுப்புவேன்.

1864-ல் முடிந்த காலியர் கீ கடற்சுவரைக் கட்டியவர்கள் கைதிகள். இந்தியாவிலிருந்து நாடுகடத்தி இங்கே கொண்டுவந்து வேலை வாங்கப்பட்டவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சாலைக்கும் இல்லை. வரைபடம் போட்ட கேப்டன் காலியர் பெயர் இருக்கிறது.

பீச் ரோடும் இப்படித்தான். ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887-ல் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் தொடங்கியது, வராந்தாவில் உட்கார்ந்தால் கடல் தெரியும். அதன் முன்னால் கட்டம் கட்டமாகத் தூர்த்து, நிக்கல் நெடுஞ்சாலை போட்டு, கடைசியில் சன்டெக் சிட்டி வரைக்கும் வந்துவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. நல்லதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அளவே மாறிவிட்டது. அதுவரை செய்ததெல்லாம் துறைமுகத்துக்கும் கிட்டங்கிக்கும் இடம் பிடிக்கிற வேலை. 1966-ல் தொடங்கிய கிழக்குக் கரைத் திட்டம் மக்கள் குடியிருக்க இடம் தேடியது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை ராட்சதச் சக்கர இயந்திரங்கள் கரண்டி கரண்டியாகச் சுரண்டின. அந்த மண் கன்வேயர் பெல்ட்டில் ஓடிக் கடலுக்குள் விழுந்தது. இருபது வருஷத்தில் 1,525 ஹெக்டேர். மரின் பரேட் குடியிருப்பு, கிழக்குக் கரைப் பூங்கா, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருகிற ஈசிபி விரைவுச்சாலை எல்லாம் அதன்மேல்தான். முழுக்க முழுக்கத் தூர்த்த நிலத்திலேயே வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய முதல் பேட்டை மரின் பரேட். வெட்டிய குன்றுகள் இருந்த இடம் சமதளமாகிப் பிடோக் நகரம் எழுந்தது. மண்ணை எடுத்த இடத்தில் ஒரு ஊர், போட்ட இடத்தில் ஒரு ஊர்.

இதில் நட்டப்பட்டவர்கள் இரண்டு வகை. கிழக்குக் கரையோரத்துக் காத்தோங்கில் கடலைப் பார்த்துப் பங்களா கட்டிய பணக்காரர்கள் ஒரு வகை. காலையில் எழுந்தால் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் இருந்தது, சில வருஷத்தில் அது அடுக்குமாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 1931-ல் திறந்த காத்தோங் பூங்காவில் கடலுக்குள் வேலி அடைத்து நீந்துகிற இடம் இருந்தது. இன்று பூங்கா இருக்கிறது, கடலுக்கும் அதற்கும் நடுவில் விரைவுச்சாலை ஓடுகிறது. இன்னொரு வகை, கரையோரக் கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள். வீவக வீடு கிடைத்தது, குழாய்த் தண்ணீர் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. கடல் கிடைக்கவில்லை. அந்தத் தலைமுறையில் பலர் மாறியதே நல்லது என்றுதான் சொல்வார்கள், நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் படகை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் நின்றுவிடும்.

கடலில் மண்ணைக் கொட்டினால் நிலமாகிவிடுமா? ஆகாது. பலர் தவறாக நினைப்பது இதுதான். சிங்கப்பூரின் கடலடியில் பல இடங்களில் மென்மையான களிமண், சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் கனம். தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கிற மண். அதன்மேல் பாரம் ஏற்றினால் பிதுங்கும், அல்லது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் கரை அமையப் போகும் கோட்டில் களிமண்ணைத் தூர்வாரி எடுத்துவிட்டு மணலால் நிரப்பி, அதன்மேல் கல் அடுக்கி அணை எழுப்புவார்கள். அணைக்கு உள்ளே மணலைத் தண்ணீரோடு கரைத்துக் குழாயில் பாய்ச்சுவார்கள். பிறகு கையகல பிளாஸ்டிக் நாடாக்களை லட்சக்கணக்கில் களிமண்ணுக்குள் செங்குத்தாகச் செருகி, மேலே தேவைக்கும் அதிகமாக மணலைக் குவித்து வைப்பார்கள். தயிரைத் துணியில் கட்டி மேலே கல்லை வைத்தால் நீர் வடிந்து கெட்டியாகும் இல்லையா, அதே வேலை. களிமண்ணின் நீர் நாடா வழியாக மேலே ஏறி வெளியேறும், தரை இறங்கும், இறுகும். அப்புறம் கூடுதல் மணலை வாரிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

தூர்ப்பதும் தூர்வாருவதும் தமிழில் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். இங்கே இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் வரும்.

இந்தக் களிமண்ணோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதை 2004 ஏப்ரல் 20 காட்டியது. வட்டப் பாதை ரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் தோண்டிய ஆழமான குழியின் தாங்கு சட்டங்கள் சரிந்தன. சாலையே உள்வாங்கியது, நான்கு பேர் இறந்தார்கள். வடிவமைப்பில் நடந்த தப்பு என்று விசாரணையில் தெரிந்தது. தப்பை மன்னிக்காத மண் அது.

மரினா சவுத் பகுதியைத் தூர்த்த பிறகு பல வருஷம் பெரிதாக ஒன்றும் கட்டாமல் விட்டிருந்தார்கள். தொண்ணூறுகளில் அங்கே ‘ஸ்டீம்போட்’ உணவகங்கள் இருந்தன. குடும்பம் குடும்பமாகப் போய்க் கொதிக்கிற குழம்பில் இறாலைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பட்டம் விட்டுவிட்டு வருவார்கள். இத்தனை விலையுள்ள நிலத்தை இப்படிச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று அப்போது பேசாதவர்கள் இல்லை. நிலம் இறுக நேரம் கொடுத்ததும் ஒரு காரணம், அவசரப்பட்டுக் கொடுத்துவிடாமல் நாளைக்கு வைத்துக்கொண்டது இன்னொரு காரணம். மரினா பே சேண்ட்ஸ் 2010-ல் வந்தது, கரையோரப் பூந்தோட்டங்கள் 2012-ல். அதற்கு முன், 2008-ல், விரிகுடாவின் வாயில் மரினா அணைக்கட்டைக் கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். நாட்டின் நிலத்தில் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை அங்கே வந்து சேர்கிறது. ஆக, தர்காவிலிருந்து நடந்துவந்து மரினா பேயில் கடலைப் பார்த்துவிட்டோம் என்று நினைப்பீர்கள் பாருங்கள், அது கடலில்லை, குடிநீர்த் தேக்கம். உண்மையான கடலுக்கு இன்னும் தூரம் போக வேண்டும்.

தீவுகளையும் விடவில்லை. தென்மேற்கில் ஏழு தீவுகளை 1995 முதல் தூர்த்து ஒட்டவைத்து ஜூரோங் தீவு ஆக்கினார்கள். ஆயிரம் ஹெக்டேருக்கும் குறைவாக இருந்தது 2009-ல் சுமார் 3,200 ஹெக்டேர் ஆனது. இன்று அது முழுக்கப் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. 1981-ல் திறந்த சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதி கடலடி மணலை உறிஞ்சி நிரப்பிய தரை. செமாக்காவ் தீவின் கதை தனி: 1999 முதல் அங்கே கடலை அணைகட்டி வளைத்து, ஊர்க் குப்பையை எரித்த சாம்பலைக் கொட்டி வருகிறார்கள். குன்று, கடலடி மணல், கடைசியில் சாம்பல் வரை வந்துவிட்டது.

உள்ளூர்க் குன்றுகள் தீர்ந்ததும் மணலுக்கு அண்டை நாடுகள்தான் கதி. மலேசியா 1997-ல் ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தோனேசியா 2003-ல் கடல் மணலையும் 2007-ல் நில மணலையும் நிறுத்தியது. அங்கே நிப்பா என்ற எல்லைத் தீவு மணல் எடுப்பால் மூழ்கிவிடும் நிலைக்குப் போயிற்று. ஒரு நாட்டின் வரைபடம் பெருக்கப் பெருக்க இன்னொரு நாட்டின் வரைபடம் சுருங்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கம்போடியாவும் 2017-ல் கதவைச் சாத்தியது. கோ காங் பகுதியின் முகத்துவாரங்களில் நண்டு பிடித்துப் பிழைத்தவர்களின் புகார்கள் அதற்குப் பின்னால் இருந்தன. மணல் வாங்கியதில் சட்டப்படி குற்றம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் ஆற்று மணல் கொள்ளையைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுக்காரனுக்கு அந்த வாதம் அவ்வளவு சுலபமாக இறங்காது.

2007 தடையின்போது மணல் விலை எகிறிக் கட்டுமானத் துறையே ஆடிப்போனது. அரசு ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த இருப்பிலிருந்து மணலை விற்றுச் சமாளித்தது. பிடோக் நீர்த்தேக்கத்துக்கும் தெம்பனிசுக்கும் இடையில் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வெளிர் நிறத்தில் குன்றுகள் தெரியும். அதுதான் அந்த மணல் இருப்பு. குன்றுகளை வெட்டிக் கடலில் போட்ட வட்டாரத்திலேயே வாங்கிய மணலைக் குன்றாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

உயிரினங்கள் பக்கக் கணக்கு பெரிது. 1819-ல் தீவின் பரப்பில் சுமார் 13 சதவீதம் அலையாத்திக் காடு, இன்று ஒரு சதவீதம்கூட இல்லை. பவளப்பாறையில் பாதிக்கு மேல் போய்விட்டது. தப்பியதில் நான் சொல்ல விரும்புவது செக் ஜாவா. உபின் தீவின் கிழக்கு முனையில் வற்றும்போது மட்டும் வெளியே தெரிகிற மணல்திட்டு. அதைத் தூர்க்க முடிவாகியிருந்தது. 2001-ல் தன்னார்வலர்கள் போய் அங்கே உள்ள நட்சத்திர மீனையும் கடற்புல்லையும் கணக்கெடுத்து எழுதினார்கள், கடைசி முறை பார்த்துவிடலாம் என்று மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், ஆண்டு முடிவதற்குள் வேலையைத் தள்ளிவைத்தார்கள். தூர்க்கும் இயந்திரம் இங்கே நின்று நான் பார்த்தது அபூர்வம்.

மணல் கிடைக்காததால் இப்போது முறையே மாறிவிட்டது. தீவின் மேற்குக் கோடியில், துவாசில் கட்டும் பெருந்துறைமுகத்தின் முதல் கட்டத்துக்குப் பத்து மாடி உயரக் கான்கிரீட் பெட்டிகள் 221-ஐக் கடலில் இறக்கிச் சுவராக்கினார்கள். பின்னால் நிரப்பியதில் பெரும்பங்கு, தூர்வாரிய சேறும் ரயில் சுரங்கம் போன்ற வேலைகளில் தோண்டிய மண்ணும். ஊருக்குள் ரயிலுக்குத் தோண்டியது ஊருக்கு வெளியே துறைமுகமாகிறது, 1822-ன் கணக்கு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. தெக்கோங் தீவில் டச்சுக்காரர்கள் வழி: கடலைத் தூர்க்காமல் சுற்றி அணை போட்டுத் தண்ணீரை இறைத்துவிடுவது. தரை கடல் மட்டத்துக்குக் கீழேயே இருக்கும், பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் மணல் வெகுவாக மிச்சம். சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கோ நேரெதிர். கடல் மட்டம் உயரும் என்று கணக்குப் போட்டுத் தரையைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள்.

அதே உயரும் கடலுக்காகத்தான் அடுத்த திட்டமும். கிழக்குக் கரைக்கு எதிரே சுமார் 800 ஹெக்டேரில் ‘லாங் ஐலண்ட்’ என்று நிலம் எழுப்ப 2023-ல் அறிவித்தார்கள், ஆய்வு நடக்கிறது. அந்த நிலம் கரைக்கு அரணாக நிற்கும், நடுவில் சிக்கும் நீர் புதிய நன்னீர்த் தேக்கம் ஆகும். அதாவது காத்தோங்கிலிருந்து 1966-க்குப் பிறகு தள்ளிப்போன கரை, இன்று கிழக்குக் கரைப் பூங்காவில் நீங்கள் கால் நனைக்கிற கரை, இன்னும் ஒருமுறை உள்ளே தள்ளப்பட்டுத் தேக்கத்தின் கரையாகிவிடும். வேலை முடிய பல பத்தாண்டுகள் ஆகும். அடுத்த தடவை வரும்போது தெலுக் ஆயரைப் பார்த்துவிட்டு அங்கேயும் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள், அலை இன்னும் உப்பாகத்தான் இருக்கிறது.